வலப்பக்கப் பின் லைட்

முதலில் சொன்னவர் எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கும் ஓட்டோக்காரர். நான் பிரதான வீதிக்கு ஏறக் காத்து நிற்கையில், பின்னால் வந்து நிறுத்தி, இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"டீச்சர், நீங்க பிரேக் புடிக்கக்குள்ள வலது பக்கத்துப் பின் லைட் நூருது. எரிஞ்சிக்கிட்டிருக்கிறதும் சேந்து நூருது."

பிரேக் பிடித்தால் லைட் எரிய வேண்டும். எங்கள் காரில் அணைகிறதாம். நல்லது சொல்ல வந்த மனுசனிடம், "தெரியும், பாக்கத்தான் போறன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு விஷயம் எனக்குத் தெரியாது என்று பிறத்தியாரிடம் சொல்ல நாக்கு வராது. வகுப்பறையில் இருபத்தெட்டு வருடம் நின்ற பழக்கமோ, பிறவிக் குணமோ, யாருக்குத் தெரியும்.

எங்கள் வீடு கல்லடிப் பக்கம். ஆறு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது. புத்தகத்தில் வாவி என்பார்கள், எங்களுக்கு அது ஆறு. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் நானும் என் கணவரும்தான். அவர் கந்தோரில் கிளார்க்காக இருந்து பென்சன் எடுத்து மூன்று வருடம். பென்சன் எடுத்த வருடமே சீனி வருத்தம் முற்றி, இடது காலடியில் ஒரு புண் வந்தது. ஒரு ரூபாய்க் குத்தி அளவுதான் இருக்கும். அந்தக் கால் உணர்வு செத்துப் போயிருந்தது. நெருப்பில் வைத்தாலும் தெரியாது.

கிளினிக்கில் டொக்டர் எங்கள் இருவரையும் பக்கத்தில் இருத்தி வைத்துச் சொன்னார்: "இந்தக் கால் தண்ணியில படக்கூடாது. முக்கியமா ஆத்துத் தண்ணி, சேறு, ஒண்ணும் படக்கூடாது. பட்டா, காலக் காப்பாத்தித் தருவன் எண்டு நான் வாக்குத் தர மாட்டன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு என்று ஒன்று இல்லை. நான் அவருக்குப் போட்ட தடைகள்தான் இருந்தன. சோறு காணும், போதும். மாம்பழம் வேண்டாம். செருப்பில்லாமல் முற்றத்துக்கு இறங்க வேண்டாம். கிணற்றடிக்குப் போக வேண்டாம். குளிக்கும்போது காலுக்குப் பொலித்தீன் கட்டினீர்களா? குளிசை போட்டீர்களா? நான் வாயைத் திறந்தால் அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். சின்ன வயதில் ஆற்றங்கரையில் வளர்ந்த ஆள். கந்தோர் விட்டு வந்தால் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய், கறிக்கு மீனோடு வருவார். புண் வந்த பிறகு அந்த வலையை நானே யாருக்கோ கொடுத்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருடம் அந்த வீட்டில் அவர் இருந்த இருப்பு, வாடகைக்கு வந்த ஆள் இருப்பது போலத்தான்.

பின் லைட்டுக்கு வருகிறேன். அன்று பின்னேரம் முற்றத்தில் காரை நிறுத்தி, லைட்டைப் போட்டு, நான் உள்ளே இருந்து பிரேக்கை மிதிக்க, அவர் பின்னால் நின்று சொன்னார்.

"எரியுது. இப்ப அமத்து. நூந்திட்டு. உடு. எரியுது."

வலப்பக்க சிக்னலைப் போட்டால் இன்னும் வேடிக்கை. மஞ்சள் லைட்டோடு சேர்ந்து சிவப்பும் மினுங்குகிறது, பின்னுக்குப் போகும்போது எரிகிற வெள்ளையும் மங்கலாக எட்டிப் பார்க்கிறது. இடப்பக்கத்தில் ஒரு குழப்பமும் இல்லை.

"பல்ப்தான்" என்றார் அவர். "நீ உடு, நான் பாக்கிறன்."

பல்ப் மாற்ற டிக்கியைத் திறக்க வேண்டும். நான் எழும்பிப் போவதற்குள் அவர் திறந்து, அதன் முன்னால் உடம்பை வைத்து மறைத்தபடி குனிந்து, புதுப் பல்பைப் போட்டுவிட்டு மூடிவிட்டார். வருத்தக்கார மனுசனுக்கு ஒரு வேலையில் இவ்வளவு ஊக்கம் வந்திருக்கிறதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோசம். இரண்டு நாள் நன்றாக எரிந்தது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

பிறகு நான் பியூஸ் பெட்டியைத் திறந்து, கைபேசியில் படம் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் நல்லது. "எலி வயரக் கடிச்சிருக்கும்" என்றார் அவர். நானும் நம்பினேன். கருவாட்டுத் துண்டு குத்தி ஒரு எலிப்பொறியைக் காருக்குள் வைத்தேன். எலி விழவில்லை. அதற்குப் பிறகு காருக்குள் மீன் வெடில் அடித்தால் கருவாட்டைச் சொல்லிக்கொள்ளலாம் என்கிற வசதியை அவருக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. அதோடு வெள்ளிக்கிழமைகளில் அவர் காருக்குச் சாம்பிராணி காட்டத் தொடங்கியிருந்தார். கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிற ஆள், நான்கு கதவையும் திறந்து, டிக்கியையும் திறந்து, புகையை உள்ளே விசிறிக்கொண்டு நிற்பார். வருத்தம் வந்தால் பக்தியும் வரும்தானே என்று பள்ளிக்கூடத்துக்குப் போகும் வான் வண்டியில் மற்ற டீச்சர்மாரிடம் சொல்லிச் சிரித்தேன்.

என் பள்ளிக்கூடம் வெல்லாவெளிப் பக்கம். விடிய ஆறரைக்கு வானில் ஏறினால் திரும்ப மூன்று மணியாகும். கார் அவ்வளவு நேரமும் வீட்டில் நிற்கும். அது ஓட்டோ கியர் கார், இடது காலுக்கு வேலை இல்லை. கடைக்குப் போய் வரட்டும் என்று கார்த் திறப்பை அவரிடமே விட்டிருந்தேன். சில நாள் நான் வரும்போது குசினியில் சுத்தம் செய்த இறால் இருக்கும், அல்லது நாலைந்து மணலை மீன். "துறையடியில வாங்கின. நல்ல மீன்" என்பார். தேங்காய்ப்பால் ஆணம் வைத்தால் எனக்கு முதல் போட்டுத் தருவார். காலுக்குக் கட்டுப் போடுகிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். "நீ களைச்சு வாறாய், உனக்கென்னத்துக்கு இந்த அருவருப்பு" என்றார். எனக்கு அது பெரிய ஆறுதல் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தப் புண்ணைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்காமல் இருக்க ஒரு வழி கிடைத்தது, பிடித்துக்கொண்டேன்.

இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போயிருக்கும். ஒரு பின்னேரம் மழை மூட்டத்தில், பாலத்தில் நான் பிரேக் பிடித்தபோது பின்னால் வந்த பஸ் ஒரு முழ இடைவெளியில் கிறீச்சிட்டு நின்றது. ட்ரைவர் தலையை வெளியே போட்டு ஏசின ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. மாரி வேறு தொடங்கப் போகிறது. இனிப் பல்பையும் எலியையும் நம்பிப் பிரயோசனமில்லை என்று அடுத்த சனிக்கிழமை, அவரை ஆஸ்பத்திரியில் மருந்து கட்ட இறக்கிவிட்டு, அங்கே வரிசையில் இரண்டு மணித்தியாலம் போகும் என்பதால், அந்த நேரத்துக்குள் கார் வயரிங் திருத்தும் பாஸிடம் காரைக் கொண்டுபோனேன். அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால், "நானே பாக்கிறன்" என்று தொடங்குவார்.

பாஸ் பறங்கியர், போர்த்துக்கீச வழி வந்தவர். வீட்டுக்குள் மனைவியோடு தங்கள் பாஷையில் பேசுவார், முற்றத்துக்கு வந்தால் எங்களைப் போலத்தான். கார் வயரிங்கில் இந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் பல்பு, பியூஸ், எலி என்று கதையைத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஒரு நீள வயரின் ஒரு நுனியை பற்றரியின் கழித்தல் முனையில் கொளுவி, மறு நுனியை வலது பக்க லைட்டின் பின்னால் ஒரு கறுப்பு வயரில் தொட்டார். "இப்ப பிரேக்க அமத்துங்க டீச்சர்."

அமத்தினேன். சுவரில் சிவப்பு பளிச்சென்று விழுந்தது. வயரை எடுத்தார், அணைந்தது. வைத்தார், எரிந்தது.

"பல்ப்பும் நல்லம், பியூஸும் நல்லம். எர்த் இல்ல. இந்த மூணு பல்ப்பும் ஒரே ஒரு வயராலதான் கிறுகிப் போகுது. அந்த வயரக் கார் பொடி இரும்பில ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருப்பாங்க. அது கறள் புடிச்சா கரண்ட் திரும்பிப் போக வழியில்லாம மற்ற பல்ப்புக்குள்ளால சுத்தித் திரியும். அதுதான் ஒண்டு போட ஒண்டு எரியுது. போல்ட் டிக்கி விரிப்புக்குக் கீழ இரிக்கும். பாப்பம்."

விரிப்பைத் தூக்கினார். ஸ்பெயார் ரயருக்கும் மூலைக்கும் இடையில் ஒரு வீச்சுவலை சுருட்டிக் கிடந்தது, நான் கொடுத்துவிட்டது இல்லை, வேறொன்று. ஈரம் இன்னும் காயவில்லை. ஈயக்குண்டுகளில் கறுப்புச் சேறு. பக்கத்தில் காய்ந்த இறால் தலைகள், செதில்கள். மூலையில் தேங்கிக் காய்ந்த தண்ணீர் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அதற்கு நடுவில் அந்த போல்ட். போல்ட் என்று சொல்ல ஏலாது, துருவேறி, செங்கறுப்பில் ஒரு கட்டி.

"ஆத்து உப்பு" என்றார் பாஸ், சிரித்துக்கொண்டு. "உங்கட வீட்டுச் சேர்ர வலையா? காலமையில துறையடியில சேரக் காணுறனான். இந்த மூணு மாசமா ஒரு நாள் தப்பாது. நல்ல வீச்சுக்காரன்."

ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. கூடப் படுத்தெழும்புகிறவளுக்குத் தெரியாது. என் முகம் எப்படிப் போயிருக்குமோ, பாஸின் சிரிப்பு நின்றுவிட்டது. "டீச்சருக்குத் தெரியாதா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஏன் தெரியாது? தெரியும்" என்றேன்.

அவர் எமரிப் பேப்பரால் அந்த மூலையைத் தேய்க்கத் தொடங்க, நான் வேலிக் கரையில் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். சாம்பிராணிக்காகக் கோபம், எலிக்காகக் கோபம், துறையடியில் வாங்கினது என்று சொல்லி எனக்குத் தின்னத் தந்த ஒவ்வொரு மீனுக்காகவும் கோபம். ஆஸ்பத்திரி வாசலிலேயே வைத்து என்னென்ன கேட்பது என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பாஸ் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து, வயர் நுனியை வெட்டிப் புதிது போட்டு, போல்டையும் மாற்றி இறுக்கி, மேலே கிறீஸ் பூசினார். பிரேக், சிக்னல், ரிவர்ஸ், எல்லாம் அது அது தன்பாட்டில் எரிந்தது.

"வலைய இப்பிடி ஈரத்தோட போட்டீங்கெண்டா மறுகாவும் என்னட்டத்தான் வருவீங்க. ஒரு பையில சுத்திப் போடச் சொல்லுங்க சேருக்கு."

அவரே உள்ளே போய், பொலித்தீன் வைத்த ஒரு உரப்பை கொண்டுவந்து தந்தார். பாஸ் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எல்லாம் தெரிந்த பெண்சாதி வேறென்ன செய்வாள்? வலையை உதறி, சேற்றைக் கழுவி, வடிவாக மடித்து, பைக்குள் வைத்துக் கட்டி, அதே இடத்தில் வைத்து விரிப்பை மூடினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் மருந்து கட்டி முடித்து வாசலில் நின்றார். கூட வந்த நேர்ஸ் என்னைக் கண்டு, "நல்லா ஆறி வருது. இன்னும் கொஞ்ச நாளில மூடிரும். இப்பிடியே பாத்துக்கங்க" என்றார்.

வாய்வரை வந்தது அங்கேயே நின்றுவிட்டது. கார் ஓட்டிக்கொண்டே கணக்குப் பார்த்தேன். மூன்று மாதமாக இந்த மனுசன் ஆற்றுக்குள் நின்றிருக்கிறார். புண் கூடவில்லை, ஆறுகிறது. அப்படியென்றால் ஆற்றுத் தண்ணீர் காலுக்கு ஒன்றும் செய்யவில்லை. டொக்டர்மார் எதையும் பெரிதாக்கித்தான் சொல்வார்கள். பல்பில்லை, பியூஸில்லை, ஆகவே எர்த் என்று பாஸ் கண்டுபிடித்த மாதிரியே நானும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. இந்த மூன்று மாதத்தில் அவர் ஆளே மாறியிருந்தார். சாப்பாட்டு மேசையில் பேசினார். ஒரு நாள் பழைய பாட்டொன்றை முணுமுணுத்தார். இதையும் வேண்டாம் என்று சொல்லி அந்த வாடகைக்காரனைத் திரும்ப வீட்டில் இருத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பின் லைட் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். "எப்பிடி?" என்றார். "எர்த்தாம்" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு வீதியைப் பார்த்தார்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், நன்றாகத்தான் இருந்தோம். கலியாணம் கட்டின புதிதில்கூட அப்படி இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஏழாவது கிழமை ஒரு விடியற்காலை, கட்டிலுக்குப் பக்கத்துத் தரையில் மஞ்சளும் சிவப்புமாகக் கால் அடையாளம் கிடந்தது. அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. கட்டை அவிழ்த்தேன், மாதக்கணக்குக்குப் பிறகு முதல் தடவையாக. பெருவிரலுக்குக் கீழே புதிதாக ஒரு வெட்டு, அதைச் சுற்றிக் கறுப்பு. பழைய புண் மூடித்தான் இருந்தது. கணுக்கால் வரை வீங்கி மினுங்கியது. "நோகுதா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். அவருக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த வெட்டுக்குள்ளிருந்து ஒரு மட்டிச் சிப்பித் துண்டு எடுத்தார்கள். விரல் நகமளவுதான். டொக்டர் அதைக் கிண்ணத்தில் போட்டுக் காட்டி, "ஆத்துக்குள்ள இறங்கினவரா?" என்று கேட்டார். என் கணவர் சுவரைப் பார்த்தார், நான் கிண்ணத்தைப் பார்த்தேன். "வீட்டில ஆரும் கவனிக்கல்லயா?" என்றார். டொக்டர் கேட்டது என்னைத்தான். முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். நான்கு நாளில் அதுவும் போதாமல் போய், முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கையெழுத்து நான்தான் போட்டேன்.

அது கழிந்து ஐந்தாம் நாள். வார்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் கொண்டுபோன கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"புள்ள, உன்னட்ட ஒண்டு சொல்லணும். நீ ஏசினாலும் பரவாயில்ல."

"குடிங்க முதல்ல."

"இல்ல, கேளு. முதல் மூணு மாசமும் நான் துறைக் கல்லுல ஏறி நிண்டுதான் வீசினன். சத்தியமா. கால் நனைய உடல்ல. டொக்டர் சொன்னது எனக்கும் பயந்தானே. கல்லுல நிண்டா என்னத்த அம்புடும், நாலு இறால். அதுவும் காணும் எண்டுதான் இரிந்தன்."

நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"மறுகா ஒரு நாள் டிக்கியத் துறந்தா, வலை பைக்குள்ள இரிக்கு. கழுவி, மடிச்சு, கட்டி. நீதான் எண்டு தெரிஞ்சிட்டு. அதுல குந்தி அழுதிட்டன், புள்ள. இந்த மூணு வருசத்தில நீ எனக்கு வேணாம் எண்டு சொல்லாத ஒரே சாமான் அதுதான். அண்டைக்குத்தான் நான் பயமில்லாமத் தண்ணிக்குள்ள இறங்கினன்."

குறை சொல்கிற குரலில்லை அது. நான் அவருக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதுபோல, கண் கலங்கி, என் கையைத் தடவிக்கொண்டு சொன்னார். வார்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி எனக்கு அழுகை வெடித்துவிட்டது. கால் போனதற்குத்தான் அழுகிறேன் என்று அவர் நினைத்தார். "மற்றக் கால் இரிக்குதானே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.